ஓட்ட ஒன்று, காட்ட ஒன்று

எழுபது வருஷத்துக்கு முந்தைய ஷெவர்லே காருக்கு அமெரிக்காவில் கிடைக்காத பொருள் அநேகமாக எதுவும் இல்லை. கதவோரத்து ரப்பர் பட்டை கிடைக்கிறது. சீட்டுத் துணியை அதே நெசவில், அதே நிறத்தில் நெய்து கொடுக்கிறார்கள். ஸ்பீடோமீட்டர் முகப்பை எழுத்து மாறாமல் அச்சடித்துத் தருகிறார்கள். டயர்கூட, டென்னஸி மாநிலத்துச் சட்டனூகாவில் ஒரு கம்பெனி பழைய வார்ப்புகளை வைத்துக்கொண்டு, வெள்ளைப் பட்டையோடு இன்றைக்கும் போட்டுக்கொண்டிருக்கிறது. கடைசியில் பேட்டரியில் வந்து நிற்கிறது வண்டி.

நியூ ஜெர்சி மாநிலத்து எடிசனில் குடியிருக்கும் கோயமுத்தூர் நண்பர் ஒருவரின் வண்டி அப்படித்தான் நின்றிருந்தது. 1954-ஆம் வருஷத்துப் பெல் ஏர். மேலே தந்தம், கீழே பச்சை. பானெட்டைத் திறந்தால் ஆறு சிலிண்டர் எஞ்சின் சாம்பல் பெயின்ட்டில் பளிச்சென்று உட்கார்ந்திருக்கிறது. அதன் பக்கத்தில் பிளாஸ்டிக் பெட்டியும் வண்ண ஸ்டிக்கருமாக ஒரு புதுக் காலத்துப் பேட்டரி. “மாப்பிள்ளை பட்டு வேட்டி கட்டீட்டு ஸ்போர்ட்ஸ் ஷூ போட்டு வந்த மாதிரி இருக்குதுங்கண்ணா” என்றார். பேட்டரி வேலை செய்யவில்லை என்பதல்ல புகார். செல்ஃப் ஒரே தட்டில் எடுக்கிறது. ஆனால் அது 1954-ஐச் சேர்ந்ததில்லை.

பழங்கார் உலகத்தில் இதற்கு மதிப்பெண் உண்டு. ஆன்டிக் ஆட்டோமொபைல் கிளப் ஆஃப் அமெரிக்கா என்ற சங்கம் 1935-இல் ஆரம்பித்தது. இருபத்தைந்து வயதான வண்டிகளைச் சேர்த்துக்கொள்வார்கள். போட்டிக்கு வந்தால் மொத்தம் 400 புள்ளி. வண்டி ஃபேக்டரி வாசலைத் தாண்டிய அன்று எப்படி இருந்ததோ அப்படி இருக்க வேண்டும். தவறான திருகாணிக்கு ஒரு குறை, தவறான கிளிப்புக்கு ஒரு குறை, தவறான பேட்டரிக்கு ஒரு குறை. அதே வண்டிப் பக்கத்தில் இக்காலத்துத் தீயணைப்பான் ஒன்றைக் கட்டாயம் வைக்கவும் சொல்வார்கள். அதற்குப் புள்ளி குறையாது.

இந்தச் சங்கம் ஒவ்வொரு அக்டோபரும் பென்சில்வேனியாவின் ஹெர்ஷி ஊரில் கூட்டும் சந்தையில் கிடைக்காதது வேறெங்கும் கிடைக்காது என்று நண்பர் சொன்னார். அவர் ஓட்ட, நான் பக்கத்து சீட்டில். பெல் ஏரில் இல்லை, அவருடைய ஜப்பான் காரில்.

எடிசன் என்ற ஊர்ப்பெயர் சும்மா வைத்ததில்லை. தாமஸ் ஆல்வா எடிசனின் மென்லோ பார்க் ஆய்வுக்கூடம் இந்த ஊர் எல்லைக்குள்தான் இருந்தது. மனிதர் பேட்டரியிலும் கை வைத்தவர். ஈயத்தின் கனமும் அமிலத்தின் அரிப்பும் அவருக்குப் பிடிக்கவில்லை. நிக்கலையும் இரும்பையும் காரக் கரைசலில் தோய்த்து ஒரு பேட்டரி செய்தார்; முதலில் விற்றவை ஒழுகவே, திரும்ப வாங்கிக்கொண்டு வருஷக்கணக்கில் உழைத்து 1910 வாக்கில் திருத்திக் கொண்டுவந்தார். அக்காலத்து மின்சாரக் கார்கள் சில அதைப் போட்டுக்கொண்டு ஓடின. எளிதில் சாகாத பேட்டரி அது. சரியாகப் பார்த்துக்கொண்டால் பல பத்தாண்டுகள் தாங்கும்.

அப்படிப்பட்டதை விட்டுவிட்டு உலகம் ஏன் மூன்று வருஷத்தில் சாகும் ஈயப் பேட்டரியைக் கட்டிக்கொண்டது? 1912-இல் கேடிலாக் கம்பெனி செல்ஃப் ஸ்டார்ட்டரோடு கார் விட்டது. சார்லஸ் கெட்டரிங் என்ற எஞ்சினியர் செய்தது. அவர் ஒஹையோவின் டேட்டனில் தொடங்கிய கம்பெனியின் பெயர்தான் சுருங்கி டெல்கோ ஆயிற்று. அதுவரை முன்னால் நின்று ஹாண்டில் போட்டுச் சுற்ற வேண்டும். எஞ்சின் பின்னுக்கு உதைத்தால் கை முறியும். செல்ஃபுக்கு வேண்டியது நாள் முழுக்க வடியும் மின்சாரம் இல்லை. ஐந்து விநாடிக்குள் கொட்டும் மின்சாரம். பனிக்காலத்து விடியற்காலையில் அதைக் கொட்ட எடிசன் பேட்டரியால் முடியவில்லை. ஈயத்தால் முடிந்தது. நீண்ட ஆயுள் தோற்று, ஐந்து விநாடி வலு ஜெயித்தது.

222-ஆம் சாலையில் கட்ஸ்டவுன் தாண்டும்போது கைகாட்டியில் லயன் ஸ்டேஷன் என்று ஒரு சின்ன ஊரின் பெயர் வரும். சோளக்காடும் சிவப்புக் களஞ்சியங்களுமாகக் கிடக்கும் இந்தப் பகுதியில்தான் ஈஸ்ட் பென் என்ற பேட்டரிக் கம்பெனியின் பெரிய ஃபேக்டரி இருக்கிறது. 1946-இல் பக்கத்துக் கிராமத்தில், பால் பண்ணைக்காரர்கள் கைவிட்ட ஒற்றை அறைக் கட்டடத்தில் அப்பாவும் மகனுமாகத் தொடங்கியது. யுத்தம் முடிந்த சமயம், ஈயத்துக்குத் தட்டுப்பாடு. செத்த பேட்டரிகளைச் சேகரித்துப் பிரித்து, மறுபடி கட்டி விற்றார்கள். புதுசு செய்வது பிறகுதான் வந்தது.

பிரித்துக் கட்டுவது என்றால் எனக்கு உடனே கண்ணில் வருவது நம் ஊர்ப் பேட்டரிக் கடைகள். வாசலில் ஆசிட் பட்டுப் பொத்தலான லுங்கியோடு ஒருவர் குந்தியிருப்பார். பேட்டரியின் தலையில் ஊற்றியிருக்கும் தாரை ப்ளோ லாம்ப் வைத்து இளக்குவார். செல்லைக் கொறடால் பிடித்துத் தூக்கினால் பிளேட்டுகள் கொத்தாக மேலே வரும். கெட்ட செல்லை மட்டும் மாற்றி, ஈயத்தை உருக்கி இணைப்பு போட்டு, தாரை மறுபடி ஊற்றி மூடுவார். எண்பதுகள் வரை லாரிப் பேட்டரி, டிராக்டர் பேட்டரி எல்லாம் இப்படித்தான் இரண்டு மூன்று ஜென்மம் எடுத்தன. அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் ஊருக்கு ஊர் இதே கடைகள், இதே தார். இது நடக்க முடிந்ததற்குக் காரணம் அந்தப் பெட்டியின் அமைப்பு. கெட்டி ரப்பர் கூடு. உள்ளே தடுப்பு வைத்து மூன்று அறை. ஒவ்வோர் அறைக்கும் தனித்தனி மூடி. மூடியைச் சுற்றித் தார். செல்லுக்குச் செல் இணைக்கும் ஈயப் பட்டை வெளியே தெரியும்படி மேலேயே கிடக்கும். பிளேட்டுக்கும் பிளேட்டுக்கும் இடையே ஆரம்ப காலத்தில் மரத்தகடுதான் வைத்தார்கள். ஓரிகன் கரையோரத்தில் வளரும் போர்ட் ஆர்ஃபர்ட் சீடர் என்ற மரத்தில் பேட்டரிக்கென்றே தகடு அறுத்திருக்கிறார்கள். கிளீவ்லாந்தின் வில்லர்ட் கம்பெனி மரத்துக்குப் பதில் நூலிழை ஓடிய ரப்பர் வைத்து விளம்பரம் செய்தது. (இந்தக் கம்பெனிதான் 1923-இல் கிளீவ்லாந்தில் ஒரு வானொலி நிலையமே தொடங்கியது. வீட்டு ரேடியோக்கள் பேட்டரியில் ஓடிய காலம். ஜனங்கள் பாட்டுக் கேட்டால்தானே பேட்டரி தீரும்.)

அந்தத் தார் மூடிய பெட்டியைத்தான் நாங்கள் தேடிப் போகிறோம்.

ரெடிங் தாண்டி 422-இல் திரும்பினால் வழியில் ஆமிஷ் மக்களின் குதிரை வண்டிகள். மின்கம்பியை வீட்டுக்குள் விடாதவர்கள். ஆனால் வண்டியின் பின்னால் சிவப்பு விளக்கு எரிகிறது, திரும்பும்போது இண்டிகேட்டர் மின்னுகிறது. உள்ளே பேட்டரி. கம்பி வழியாக வரும் மின்சாரம்தான் ஆகாது, பெட்டிக்குள் அடைபட்டது பரவாயில்லை போலும். காருக்கு இல்லாத சலுகை கார் பேட்டரிக்குக் கிடைத்திருக்கிறது.

ஹெர்ஷி சாக்லேட் ஊர். மில்டன் ஹெர்ஷி சோளக்காட்டின் நடுவில் ஃபேக்டரி கட்டி, அதைச் சுற்றி ஊரையும் கட்டினார். 422-ஆம் சாலையே ஊருக்குள் சாக்லேட் அவென்யூ ஆகிவிடுகிறது. தெருவிளக்குகள் அவருடைய கிஸ்ஸஸ் மிட்டாய் உருவத்தில், ஒன்று காகிதம் சுற்றியது, அடுத்தது சுற்றாதது. அழகு பார்க்க நண்பர் நேரம் தரவில்லை. பொழுது விடிவதற்குள் சந்தைக்குள் இருந்தோம்.

சந்தை என்றால் நம் பொள்ளாச்சி மாட்டுச் சந்தையை ஊர் அளவுக்கு விரித்துக்கொள்ளலாம். ஸ்டேடியத்தைச் சுற்றி நாலா பக்கமும் வரிசை வரிசையாக ஆயிரக்கணக்கான கடைகள். முன்பெல்லாம் புல்வெளி, மழை பெய்தால் முழங்கால் சேறு. பழையவர்கள் அந்தச் சேற்றை இன்றும் பாசத்தோடு பேசுகிறார்கள். இப்போது பெரும்பாலும் தார்த்தரை. ஃபெண்டர், ரேடியேட்டர் கிரில், ஹப் கேப் மலை, பெயர் தெரியாத பித்தளை விளக்குகள், ஒரே ஒரு இடது கதவு. வாங்க வருகிறவர்கள் முதுகில் அட்டை தொங்கவிட்டுக்கொண்டு நடக்கிறார்கள்: 1931 ஃபோர்டு கார்புரேட்டர் தேவை, பக்கார்ட் கடிகாரம் தேவை. ஆளைப் பார்க்காமல் முதுகைப் படித்துவிட்டு, விற்கிறவர் கூப்பிடுவார். நண்பரும் ஓர் அட்டை எழுதி வந்திருந்தார். டெல்கோ, 6 வோல்ட், ரப்பர் கூடு, காலியானாலும் சரி.

காலியானாலும் சரி என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

முதலில் நாங்கள் பார்த்தது காலியில்லாத ஒன்று. ஒரு தாத்தாவின் வேனில், பிரிக்காத அட்டைப் பெட்டிக்குள், ஐம்பதுகளின் பேட்டரி. அந்தக் காலத்தில் ‘டிரை சார்ஜ்’ என்று விற்பார்கள்: பிளேட்டுக்குச் சார்ஜ் ஏற்றி, காயவைத்து, ஆசிட் ஊற்றாமலே கடைக்கு அனுப்புவது. வாங்குகிற அன்று ஆசிட் ஊற்றினால் அன்றுதான் அதற்குப் பிறந்தநாள். ஊற்றாதவரை வயசாகாது என்பது கணக்கு. நடைமுறையில் காற்றும் ஈரமும் எப்படியாவது உள்ளே போய்விடும். பிளேட்டு தன்பாட்டில் மங்கிவிடும். ஆசிட் ஊற்றினால் எடுக்குமா என்று நண்பர் கேட்டார். எடுத்தாலும் எடுக்கும், ஆனால் ஊற்றியபிறகு உன்னிடம் இருப்பது பழைய பேட்டரி, ஊற்றும்வரை இருப்பது அரும்பொருள் என்றார் தாத்தா. அரும்பொருளுக்கு உண்டான விலைதான் சொன்னார். நகர்ந்துவிட்டோம்.

மறு உற்பத்திக்காரர்களும் கடை விரித்திருந்தார்கள். கறுப்புக் கூடு, மேலே தார் போன்ற பூச்சு, ஈயப் பட்டை, பக்கவாட்டில் பழைய கம்பெனி எழுத்து, உள்ளே இன்றைய பிளேட். பார்க்கக் குறையொன்றும் இல்லை. விலை சாதாரண பேட்டரியின் இரண்டு மூன்று மடங்கு. நண்பரின் மனக்குறை வேறு: இதுவும் மூன்று நாலு வருஷத்தில் செத்துப்போகும், வருஷத்தில் இரண்டு நாள் காட்டுவதற்காக இத்தனை பணம் கொடுத்து அது மூலையில் சல்பேட் பூத்துச் சாவதா? நியாயமான கேள்வி. ஓட்டாமல் நிறுத்திவைக்கிற காரில் ஈயப் பேட்டரி அப்படித்தான் போகும்.

பல கடைகளில் ஒரு தட்டையான பொருள் தொங்கியது. முதலில் என்னவென்று புரியவில்லை. பேட்டரியின் மேல்முகம் மட்டும்: மூடிகள், தார், ஈயப் பட்டை எல்லாம் வார்த்த ஒரு மேலுறை. இக்காலத்துப் பேட்டரியின் தலையில் கவிழ்த்துவிட்டால் போதும். போட்டியன்று காலையில் மாட்டி, மாலையில் கழற்றலாம். நண்பர் அதைக் கையால்கூடத் தொடவில்லை.

சந்தையில் எங்களுக்கு வாய்த்த நல்ல ஆசிரியர் ஒரு முன்னாள் டிராக்டர் மெக்கானிக். கடையில் பேட்டரிக் கூடு மட்டும்தான் வைத்திருந்தார். ஒன்றில்கூட ஈயம் இல்லை. இவை ஏன் இத்தனை அபூர்வம் என்று கேட்டேன். கார்கள் லட்சக்கணக்கில் பிழைத்திருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் ஒரு பேட்டரி இருந்திருக்குமே? அவர் சிரித்தார். ஃபெண்டரைக் கொட்டகையில் போட்டால் அறுபது வருஷம் கிடக்கும். செத்த பேட்டரிக்கு மறுநாளே காசு கிடைக்கும், எவன் வைத்திருப்பான் என்றார்.

யோசித்தால் சரிதான். ஈயம் அழிவதில்லை, உருக்கினால் மறுபடி ஈயம். அமெரிக்காவில் செத்த கார் பேட்டரிகளில் 100-க்கு 99 உருக்காலைக்குத் திரும்புகிறது என்று அந்தத் தொழில் சங்கத்தார் கணக்குச் சொல்கிறார்கள். நம் நாட்டில் சட்டம் வருவதற்கு வெகுகாலம் முன்பே காயலான் கடை அதைச் செய்துகொண்டிருந்தது. பழைய பேட்டரியை டீலரிடம் திருப்ப வேண்டும் என்று 2001-இல் விதி போட்டார்கள், 2022-இல் அதை மாற்றி எழுதினார்கள். எந்த விதியும் இல்லாமலே புதுப்பேட்டையில் ஒரு பழைய பேட்டரி ஒரு ராத்திரி தெருவில் தங்காது. பெல் ஏரோடு பிறந்த பேட்டரியின் ஈயம் இந்நேரம் எத்தனையோ முறை உருகி, எத்தனையோ கார்களில் ஏறி இறங்கியிருக்கும். எடிசன் தெருவில் நிற்கும் ஏதோ ஒரு டொயோட்டாவுக்குள் அதன் துளி இல்லை என்று யார் சொல்ல முடியும்? பேட்டரி போகவில்லை, கூடுதான் போய்விட்டது. ரப்பரை யாரும் காசு கொடுத்து வாங்கவில்லை. உடைத்து எறிந்தார்கள்.

கூட்டின் கதையை முடித்துவைத்தது பிளாஸ்டிக். 1967-இல் சியர்ஸ் கடைக்காரர்கள் டைஹார்ட் என்ற பேட்டரியை மெல்லிய பாலிப்ரொப்பிலீன் பெட்டியில் கொண்டுவந்தார்கள். சுவர் மெலிந்தால் உள்ளே பிளேட்டுக்கும் ஆசிட்டுக்கும் இடம் கூடும். ஈயப் பட்டைகள் தடுப்பு வழியாக உள்ளுக்குள்ளேயே ஓடத் தொடங்கின. மேலே ஒரே மூடி, சூடு வைத்து ஒட்டியது. தார் போயிற்று. பிரித்துக் கட்டுகிறவரின் வேலையும் அதோடு போயிற்று.

மெக்கானிக்கின் கடையில் எழுத்து வார்த்த டெல்கோ கூடு ஒன்று இருந்தது. மூலையில் விரிசல், மூடி மூன்றில் ஒன்று இல்லை. பக்கத்திலேயே முழுசாக, விரிசல் இல்லாமல், மூடிகளோடு இன்னொரு கூடு, அதன் விலையில் கால்வாசிக்கு. அதில் வார்த்திருந்த பெயர் ஆல்ஸ்டேட். சியர்ஸ் கடையின் பழைய மார்க், டைஹார்ட்டுக்கு முந்தியது.

நான் அதைத்தான் வாங்கச் சொன்னேன். “தம்பி, கணக்குப் போட்டுப் பாருங்க. உங்க வண்டி டெல்கோ பேட்டரியோட இருந்தது எத்தனை நாள்? 54-ல வாங்கினவன் 57-ல மாத்தியிருப்பான். ஷெவர்லே வாங்கினவன் கையில காசு அளவாத்தான் இருக்கும். நேரா சியர்ஸுக்குப் போய் இதைத்தான் போட்டிருப்பான். இந்த வண்டி வாழ்ந்த காலம் முழுக்க ஓட்டினது ஆல்ஸ்டேட்தான்.”

இதை நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அந்தக் காலத்துக்குச் சரியானது என்கிறார்களே, எந்தக் காலம்? ஷோரூமில் நின்ற வாரமா, குடும்பத்தைச் சுமந்து ஓடிய பத்து வருஷமா? நீதிபதிகள் முதலாவதைக் கேட்கிறார்கள். கொர்வெட் கார்க்காரர்கள் இதில் இன்னும் கெடுபிடி. 1974-இல் தொடங்கிய அவர்களுடைய சங்கத்தில் பேட்டரியின் தேதிக் குறி வரைக்கும் குனிந்து படிப்பார்கள் என்று மெக்கானிக் சொன்னார். பேட்டரியோ வண்டியின் மற்ற எந்த உறுப்பையும்விட அடிக்கடி மாறியது. அதற்கு மட்டும் பிறந்த நாளைக் கேட்பது எனக்குக் கொஞ்சம் வேடிக்கையாகத்தான் பட்டது.

நண்பர் இரண்டு கூட்டையும் மாறி மாறிப் பார்த்தார். “நீங்க சொல்றது நெசம்தானுங்கண்ணா. ஆனா ஜட்ஜுகிட்ட உங்களைக் கூட்டீட்டுப் போக முடியாதுங்களே” என்றார். டெல்கோவை வாங்கினார்.

பேரம் முடிந்ததும் மெக்கானிக் பாடம் எடுத்தார். கூட்டின் உட்தடுப்புகளை வாளால் அறுத்து எடுக்க வேண்டும். அறுக்கும்போது கந்தக நாற்றம் வரும், பயப்படாதே. கெட்டி ரப்பரில் கந்தகம் நிறைய உண்டு என்றார். அறுப்பதற்கு முன் சமையல் சோடாவைக் கரைத்து ஊற்றி, நுரை அடங்கும்வரை கழுவு. அடியில் படிந்திருக்கும் சாம்பல் நிறச் சகதி ஈயம். அதை உலரவிட்டு ஊதித் தொலைக்காதே, கையுறை இல்லாமல் தொடாதே. பிறகு உள்ளே என்ன வைப்பது? 6 வோல்ட்டில் வலுவான சுருள் பேட்டரி ஒன்று சிவப்புத் தலையோடு விற்கிறது, பழங்கார்க்காரர்கள் பலர் அதைத்தான் சீட்டுக்கடியில் ஒளித்துவைக்கிறார்கள். ஆனால் அதன் நீளம் 10 அங்குலம். பெல் ஏருக்கு உண்டான குரூப் 1 பெட்டியின் வெளிநீளமே 9 அங்குலத்துக்குச் சற்று மேல். நுழையாது. சின்னச் சின்ன சீல் செய்த 6 வோல்ட் பேட்டரிகளை இணையாக அடுக்கி உள்ளே வை, இரண்டு தடவை எஞ்சின் எடுக்கும், மூன்றாவது கேட்காதே என்றார். போட்டி மைதானத்துக்குள் ஓட்டிப் போக ஒன்று, திரும்பி வர ஒன்று.

“அப்ப மத்த நாளைக்கு?” என்று நண்பர் கேட்க, அவர் சொன்னதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: ஓட்ட ஒன்று, காட்ட ஒன்று.

பக்கத்துக் கடைக்காரர் இங்கிலாந்து எம்ஜி கார் உதிரிப் பாகம் விற்கிறவர். எங்கள் கஷ்டத்தைக் கேட்டுக்கொண்டிருந்தவர் தம் கஷ்டத்தையும் சேர்த்துக்கொண்டார். எம்ஜிபி காரில் எழுபதுகளின் நடுப்பகுதி வரைக்கும் இரண்டு 6 வோல்ட் பேட்டரி, சீட்டுக்குப் பின்னால் பள்ளத்துக்குள். 1967 வரை வந்த வண்டிகளில் பாசிட்டிவ்தான் எர்த். புதிதாக வாங்கினவன் பழக்கதோஷத்தில் கறுப்பு வயரைப் பாடியில் மாட்டி, ரேடியோவைப் புகையவிட்டு, அடுத்த நாள் இவரிடம் வந்து நிற்பானாம். உன் ஷெவர்லே நெகட்டிவ் எர்த், நீ கொடுத்துவைத்தவன் என்று நண்பரின் தோளில் தட்டினார்.

6 வோல்ட்டைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. ஜெனரல் மோட்டார்ஸின் பெரிய கார்கள் 1953-இல் 12 வோல்ட்டுக்கு மாறின, ஷெவர்லே 1955-இல், புது வி-8 எஞ்சினோடு, ஃபோர்டு 1956-இல். அழுத்தம் கூடிய பெரிய எஞ்சின்களைச் சுற்ற 6 வோல்ட்டுக்குத் திராணி போதவில்லை. நண்பரின் வண்டி 6 வோல்ட் ஷெவர்லேயின் கடைசி வருஷம். 6 வோல்ட் என்றாலே மட்டம் என்று பழங்கார்க்காரர்கள் பலர் பேட்டரியை வைவார்கள். தவறு பெரும்பாலும் வயரில் இருக்கிறது. அதே வேலைக்கு 6 வோல்ட்டில் இரண்டு மடங்கு கரண்ட் ஓட வேண்டும். அதே வயரில் வீணாகும் சக்தி நான்கு மடங்கு. அதனால் அந்தக் காலத்துப் பேட்டரி கேபிள் கட்டைவிரல் தடிமன். இன்றைய 12 வோல்ட் கடையில் வாங்கிய மெல்லிய கேபிளை மாட்டினால், எத்தனை பழைய, எத்தனை புதிய பேட்டரி வைத்தாலும் செல்ஃப் முக்கும். நம் ஊரில் பழைய என்ஃபீல்டு புல்லட்டின் மங்கல் வெளிச்சத்தில் ராத்திரி சவாரி செய்தவர்களுக்கு 6 வோல்ட்டின் சுபாவம் தெரியும். அங்கேயும் பாதி வியாதி துருப்பிடித்த எர்த்தில்தான் இருக்கும்.

என்னுடைய சென்னைச் சிநேகிதர் ஒருவரும் ஒரு கூடு வாங்கிவரச் சொல்லியிருந்தார். ஆசிட் நிறைந்த பேட்டரியை விமானத்தில் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுபோகக் கூடாது. ஆபத்தான சரக்குப் பட்டியலில் அதற்கு யூஎன் 2794 என்று எண்ணே இருக்கிறது. காலிக் கூட்டுக்குத் தடை எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் ஸ்கேனரில் கறுப்பாக ஒரு பெட்டி, ஈய டெர்மினலோடு. அது காலிதான் என்று செக்யூரிட்டி அதிகாரிக்கு விளக்கும் உற்சாகம் எனக்கு வரவில்லை. நாலு மூடிகள் மட்டும் வாங்கிக்கொண்டேன்.

திரும்பும் வழியில் லெபனான் பக்கம், விவசாயச் சாமான் விற்கும் ஒரு பெரிய கடையில் வண்டியை நிறுத்தினோம். ஓட்டுவதற்கான பேட்டரியை அங்கே வாங்கலாம் என்று மெக்கானிக் சொல்லியிருந்தார். நாற்பது, ஐம்பதுகளின் ஃபோர்டு டிராக்டர்கள் இந்தப் பக்கத்துப் பண்ணைகளில் இன்னும் உழைக்கின்றன. அவற்றுக்கும் குரூப் 1, 6 வோல்ட். கோழித் தீவனத்துக்கும் முள்வேலிக் கம்பிக்கும் நடுவில் அலமாரியில் நாலைந்து இருந்தன. அலட்டலில்லாத கறுப்புப் பெட்டி. ஸ்டிக்கரைக் கிழித்துவிட்டால் போதும், நான் இதையே போட்டியிலும் வைப்பேன் என்று சொல்லிப் பார்த்தேன். நண்பர் காதில் வாங்கவில்லை.

கல்லாவில் ஓர் இளம்பெண். பில்லில் பேட்டரி விலைக்கு மேல் சில டாலர் கூட இருந்தது. அது ‘கோர் சார்ஜ்’, பழைய பேட்டரியைத் திருப்பிக் கொடுத்தால் கழித்துக்கொள்ளலாம் என்றாள். பழையது இல்லை என்றார் நண்பர். அவள் கண்ணாடி வழியாக வெளியே பார்த்தாள். டிக்கியைத் திறந்து போட்டு வந்திருந்தோம். போர்வைக்கு மேல் டெல்கோ.

அதோ இருக்கிறதே என்றாள்.

நண்பர் பதறிப்போய், அது இல்லை, அது இல்லை என்று இரண்டு கையையும் ஆட்டினார். அவள் விடவில்லை, காசு மிச்சமாகட்டுமே என்ற நல்லெண்ணத்தில் கூடவே எழுந்து வந்து, ஒரு கையால் தூக்கிப் பார்த்தாள். சுலபமாக மேலே வந்தது. தட்டிப் பார்த்தாள். இதில் ஈயமே இல்லையே, இதற்குப் பணம் கழிக்க முடியாது, மன்னிக்கணும் என்று உண்மையான வருத்தத்தோடு சொல்லி, கூட்டைப் போர்வையில் திரும்ப வைத்தாள். நண்பர் கோர் சார்ஜை முழுசாகக் கட்டிவிட்டு ரசீதை வாங்கிக்கொண்டார். பில் இருந்தால் பிறகும் திருப்பித் தரலாம், எந்தக் கார் பேட்டரியானாலும் சரி, ஈயம் இருந்தால் போதும் என்று அவள் வாசல் வரை வந்து ஞாபகப்படுத்தினாள். வீட்டில் பழைய ஹோண்டா பேட்டரி ஒன்று கிடக்கிறது என்று நண்பருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.